உதைக்கும் கருவியும் தாங்கும் கையும்

நம்முடைய கதைகளில் வருகிற துப்பாக்கிகள் மிகவும் சாதுவானவை. வில்லன் சட்டைப் பையிலிருந்து பிஸ்டலை எடுப்பான். 'டுமீல்' என்று ஒரு சத்தம் கேட்கும். எதிரே நின்றவர் 'ஐயோ!' என்று சாய்வார்; சுட்டவனுடைய கை மட்டும் கல்லில் வடித்த கை போல அப்படியே நிற்கும். அடுத்த வரியில் அவன் வசனம் பேசத் தொடங்கிவிடுவான். சினிமாவிலும் இதே சமாசாரந்தான். நாமும் இதற்குப் பழகிப் போய், துப்பாக்கி என்பது முன்பக்கம் மட்டும் வேலை செய்கிற கருவி என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம்.

வாஸ்தவத்தில் அது இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. முன்பக்கம் குண்டு போகிறது. பின்பக்கம் உதை வருகிறது. குண்டு எங்கேயோ போய்விடும். உதை சுட்டவனிடமே தங்கிவிடும். தானாக நிரப்பிக்கொள்ளும் கைத்துப்பாக்கியின் வரலாற்றில் பாதி, குண்டை எப்படி அனுப்புவது என்பது. மறு பாதி, இந்த உதையை யார் தலையில் கட்டுவது என்பது. முதல் பாதியைப் பற்றிப் புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன. இரண்டாவது பாதியைப் பற்றி இன்றைக்குக் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன். அதில் கதாநாயகனாக வருவது விரல் நீளமுள்ள ஒரு சாதாரண எஃகு ஸ்பிரிங்.

ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்று 1687-ல் நியூட்டன் எழுதி வைத்ததை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்திருக்கிறோம். பரீட்சை முடிந்ததும் நாம் மறந்துவிடலாம், துப்பாக்கி மறப்பதில்லை. அமெரிக்க ராணுவம் 1911-ல் ஏற்றுக்கொண்ட பிரசித்தி பெற்ற கோல்ட் பிஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குண்டு 230 கிரெயின், அதாவது ஏறக்குறைய 15 கிராம். அது விநாடிக்குச் சுமார் 250 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. பிஸ்டலின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேலே. கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தப் பிஸ்டல் விநாடிக்கு மூன்று மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பின்னால் பாய வேண்டும். பாயத்தான் செய்கிறது, குறுக்கே கை இருப்பதால் கையோடு நிற்கிறது. அது மட்டுமா? குழல் மேலே இருக்கிறது; பிடிக்கிற கை கீழே இருக்கிறது. ஆகவே துப்பாக்கி பின்னால் வருவதோடு மூக்கையும் வானத்தை நோக்கித் தூக்கிக்கொள்கிறது. ஒரு குண்டோடு காரியம் முடிந்தது என்கிறவனுக்கு இதனால் நஷ்டமில்லை. ஐந்து இலக்குகளை நான்கு விநாடியில் சுட வேண்டிய பந்தயக்காரனுக்கோ இதுதான் பிராணசங்கடம்.

இந்த உதையை இல்லாமல் செய்ய முடியுமா என்றால், முடியாது. ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் விதத்தை மாற்றலாம். கட்டட வேலை நடக்கிற இடத்தில் ஒரு காட்சியைப் பார்த்திருப்பீர்கள். கீழே நிற்கிற ஆள் செங்கல்லை மேலே வீசுவான். சாரத்தின்மேல் நிற்கிறவன் பிடிப்பான். பிடிக்கிற கையைக் கவனித்தால், செங்கல் வந்து சேருகிற அதே சமயத்தில் கையும் செங்கல் போகிற திசையிலேயே சற்று இழைந்து போவது தெரியும். விறைப்பாக நீட்டிய கை என்றால் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். செங்கல்லின் வேகத்தில் ஒரு குன்றிமணி அளவுகூட அவன் குறைத்துவிடவில்லை. அதை வாங்கிக்கொள்கிற நேரத்தை நீட்டினான், அவ்வளவுதான். ஒரு நூறு வருஷத்துக்கு மேலாகத் துப்பாக்கி செய்கிறவர்கள் எஃகுக்குக் கற்றுக் கொடுத்து வந்திருப்பது இந்தச் சாரத்துக்காரனின் வித்தையைத்தான்.

முதலில் கற்றுக் கொடுத்தவர் ஹைரம் மாக்ஸிம். அமெரிக்காவில் மெயின் மாகாணத்தில் 1840-ல் பிறந்தவர். ஒரு சமயம் ராணுவத் துப்பாக்கி ஒன்றைச் சுட்டுப் பார்த்ததில் தோள் கன்றிப் போய்விட்டதாம். நம்மைப் போன்றவர்களாக இருந்தால் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்திருப்போம். அவருக்கோ, 'இவ்வளவு பலமுள்ள உதை வீணாகத் தோளில் இறங்குகிறதே, இதற்கு ஒரு வேலை கொடுத்தால் என்ன?' என்று தோன்றியது. லண்டனில் ஹாட்டன் கார்டன் தெருவில் பட்டறை போட்டு, 1884-ல் அந்த வேலையைக் கொடுத்தும் விட்டார். வெடித்தவுடன் குழல் பின்னால் நகரும். அந்த நகர்ச்சியே காலி உறையை வெளியே எறியும். ஒரு ஸ்பிரிங்கை இழுத்து வைக்கும். ஸ்பிரிங் திரும்பிச் சுருங்கும்போது அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளும். உதையே கூலியாளாகிவிட்டது. நிமிஷத்துக்குச் சுமார் 600 குண்டுகள்! அந்தக் கூலியாள் செய்த வேலையையும் சொல்லத்தான் வேண்டும். 1898-ல் சூடானில் ஓம்துர்மான் போர்க்களத்தில் ஈட்டியும் வாளுமாக ஓடி வந்த ஆயிரக்கணக்கானோர் ஒரே காலைப் பொழுதில் மடிந்தபோது, எதிர்ப்பக்கத்தில் பீரங்கிகளோடும் துப்பாக்கிகளோடும் மாக்ஸிமின் இயந்திரங்களும் இருந்தன. ஒரு மனிதருடைய தோள்வலி எங்கே போய் முடிந்தது, பாருங்கள்.

மாக்ஸிம் துப்பாக்கியை வண்டியில் ஏற்றலாம், முக்காலியில் நிறுத்தலாம். அதே வித்தையைக் கையில் பிடிக்கிற பிஸ்டலுக்குள் அடக்குவது எப்படி என்ற கேள்வி அடுத்துப் பிறந்தது. கேள்வி உண்மையில் இதுதான்: ஸ்பிரிங்கை எங்கே வைப்பது? ஹ்யூகோ போர்ஷார்ட் என்ற நிபுணர் 1893-ல் ஒரு பிஸ்டலை உருவாக்கினார். பெர்லினில் லூட்விக் லோவே கம்பெனி அதைத் தயாரித்தது. வேலை செய்தது, நன்றாகவே வேலை செய்தது. ஆனால் ஸ்பிரிங்குக்கு அவர் கொடுத்த இடம் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு திமில். ஒட்டகத்தின்மேல் மூட்டை கட்டின மாதிரி பாரம் முழுவதும் பின்னால் தொங்கிற்று. ஜார்ஜ் லூகர் வந்து அந்தத் திமிலை நீக்கி, ஸ்பிரிங்கைக் கைப்பிடிக்குள்ளேயே ஒளித்து வைத்தார். 1900-ல் சுவிட்சர்லாந்து ராணுவம் அவருடைய பிஸ்டலை ஏற்றுக்கொண்டது. அப்போது உள்ளே இருந்தது தட்டையான பட்டை ஸ்பிரிங். 1906-ல் அதை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங்கை வைத்தார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரு மாறுதலும் தெரியாது. சுடுகிறவன் கைக்குத்தான் தெரியும்.

இந்த வரலாற்றில் மேதை என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் ஜான் மோஸஸ் பிரௌனிங்கைத்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் யூட்டா மாகாணத்து ஆக்டன் ஊரில், துப்பாக்கி செய்கிறவரின் மகனாக 1855-ல் பிறந்தவர். ஸ்பிரிங்குக்கு இடம் தேடிய விஷயத்தில் இவர் ஒரே வீட்டுக்குள் அறை அறையாகக் கட்டிலை மாற்றிப் போட்டுப் பார்க்கிற குடும்பத் தலைவரைப் போல நடந்துகொண்டார். 1900-ஆம் வருஷத்துப் பிஸ்டலில் ஸ்பிரிங் குழலுக்கு மேலே படுத்திருந்தது. 1910-ஆம் வருஷத்துப் பிஸ்டலில் குழலையே சுற்றிக்கொண்டிருந்தது. 1911-ல் ராணுவம் ஏற்றதில் குழலுக்குக் கீழே போய்விட்டது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பலன் உண்டு. அதற்கு ஒரு விலையும் உண்டு. குழலைச் சுற்றி வைத்தால் இடம் மிச்சமாகும், பிஸ்டல் சின்னதாகும், சட்டைப் பைக்குள் அடங்கும். 1914 ஜூன் 28-ந் தேதி சரயேவோ நகரத்து வீதியில், காவ்ரிலோ பிரின்ஸிப் என்ற பத்தொன்பது வயது வாலிபன் ஆஸ்திரிய இளவரசர் மீது சுட்டது இந்த 1910 மாதிரிப் பிஸ்டலால்தான். சின்னதாக இருப்பது என்பது எப்போதுமே நிரபராதமான குணம் அல்ல.

ஆனால் பந்தயக்காரர்கள் பின்பற்றிய வழி 1911 காட்டிய வழி. அந்த வருஷம் மார்ச் மாதம் ராணுவத்தார் பரீட்சை வைத்தார்கள்: 6,000 குண்டுகள். சூடேறினால் தண்ணீரில் முக்கி எடுத்துத் தொடர்ந்து சுட்டார்கள். பிரௌனிங்கின் பிஸ்டல் ஒரு தடவைகூட மக்கர் செய்யவில்லை. அதன் வயிற்றில் இருந்தது, முழுதும் அமுங்கினால் சுமார் 16 பவுண்டு அழுத்தம் காட்டுகிற ஸ்பிரிங்.

அது என்ன செய்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடுவோம். பின்னால் வருகிற கதைக்கு இது வேண்டும். பிஸ்டலின் மேல்பாகமாக இருக்கிற இரும்பு உறைக்கு ஸ்லைடு என்று பெயர். வெடித்தவுடன் அது பின்னால் சறுக்கி ஓடும். ஓடும்போது கீழே உள்ள ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டே போகும். காலி உறையை வெளியே எறியும். ஓட்டத்தின் முடிவில் சட்டத்தின்மேல் மோதி நிற்கும். பிறகு ஸ்பிரிங் அதை முன்னால் விரட்டும். போகிற வழியில் அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் திணித்துவிட்டு டக்கென்று நிற்கும். இதெல்லாம் நாம் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். ஆக, ஒரு குண்டுக்குச் சுடுகிறவன் வாங்குவது ஓர் அடி அல்ல, மூன்று. வெடித்தபோது ஒன்று, ஸ்லைடு பின்னால் போய் மோதும்போது ஒன்று, முன்னால் வந்து மோதும்போது ஒன்று.

இப்போது ஸ்பிரிங்கின் சங்கடம் புரியும். பலமான ஸ்பிரிங்காகப் போட்டால் பின்னால் போகிற மோதல் மிருதுவாகும். ஆனால் அதே பலத்தோடு அது திரும்பி வரும். வந்த வேகத்தில் பிஸ்டலின் மூக்கு கீழே குனிந்துவிடும். இன்னும் பலமாகப் போட்டால் ஸ்லைடு பாதி வழியிலேயே நின்று, காலி உறை வெளியேறாமல் சிக்கிக்கொள்ளும். சரி, லேசான ஸ்பிரிங்காகப் போடலாமே என்றால், ஸ்லைடு சம்மட்டி மாதிரி சட்டத்தை அடிக்கும், மூக்கு தூக்கும், பிஸ்டலும் சீக்கிரம் தேயும். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் அகப்பட்ட பிள்ளையின் நிலைமை! ஒரு பக்கம் கொடுத்தால் மறு பக்கம் பிடுங்கும்.

பந்தயம் வந்ததும் இந்தச் சங்கடம் கலையாக மாறிற்று. அமெரிக்காவின் தேசியத் துப்பாக்கிப் பந்தயங்கள் 1907-ல் ஒஹையோ மாகாணத்துக் காம்ப் பெரி மைதானத்துக்கு வந்தன. அங்கே ஒற்றைக் கையை நீட்டிச் சுட வேண்டும். இலக்கை அட்டை கிழியாமல் துல்லியமாக வட்டத் துளை போடுகிற தட்டை மூக்குக் குண்டையும், குறைந்த மருந்தையும் பந்தயக்காரர்கள் பயன்படுத்தத் தொடங்கினார்கள். உதை குறைந்தது. ஆனால் உதை குறைந்ததும் கூலியாளின் பலமும் குறைந்துவிட்டதே! ராணுவ ஸ்பிரிங்கை அமுக்க அவனுக்குத் தெம்பில்லை. ஆகவே ஸ்பிரிங்கை லேசாக்கினார்கள். கோல்ட் கம்பெனி 1957-ல் வெளியிட்ட 'கோல்ட் கப்' பந்தயப் பிஸ்டலில் ஸ்லைடின் உட்புறத்தையே குடைந்து எடையைக் குறைத்தார்கள். தோட்டா, ஸ்லைடு, ஸ்பிரிங் மூன்றும் ஒன்றுக்கொன்று சுருதி சேர வேண்டும் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு தந்தியை மட்டும் முறுக்கிவிட்டு வீணை வாசிக்க முடியாது.

ஐரோப்பாவில் இந்தச் சுருதியை இன்னும் நுட்பமாகக் கூட்டினார்கள். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் அதிவேகப் பிஸ்டல் பந்தயத்தில் ஜெர்மானியரான கார்னீலியஸ் வான் ஓயன் தங்கப் பதக்கம் பெற்றார். அவர் கையில் இருந்தது வால்தர் கம்பெனியின் 'ஒலிம்பியா' பிஸ்டல். மிகச் சிறிய தோட்டா. அதற்கு ஏற்ற லேசான ஸ்லைடு. குழலுக்கு அடியில் மாட்டிக் கழற்றுகிற எடைக்கட்டிகள். ஓடுகிற பாகம் லேசாகவும் ஓடாத பாகம் கனமாகவும் இருந்தால் கை கலங்காது என்ற சூத்திரம் அந்தப் பிஸ்டலில் தெளிவாக இருந்தது.

இருபது வருஷம் கழித்து, 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ரஷ்யர்கள் இந்த விவகாரத்தைத் தலைகீழாகவே புரட்டிவிட்டார்கள். நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. அவர்கள் கொண்டுவந்த 'ரிக்கார்டு' என்ற பிஸ்டல் உண்மையாகவே தலைகீழாக இருந்தது. கைக்கு மேலே இருக்க வேண்டிய குழல் தாழ்ந்து, கைக்கு நேராக வந்துவிட்டது. உதை நேராகக் கையின் வழியே முன்கைக்குள் இறங்கினால் மூக்கு ஏன் தூக்கப் போகிறது? சாமர்த்தியமான யோசனை. ஆனால் பந்தயச் சங்கத்தார் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார்கள். மூக்கே தூக்காத பிஸ்டலால் சுட்டால், பந்தயம் யாருக்கு? சுடுகிறவனுக்கா, பிஸ்டலுக்கா? விதி எழுதினார்கள்: குழலின் நடுக்கோடு, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள கவைக்கு மேலேதான் போக வேண்டும். தலைகீழ்ப் பிஸ்டல் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த விவாதம் ஓயவில்லை. குழலில் துளை போட்டுப் புகையை மேலே விட்டு மூக்கை அழுத்துகிற உபாயங்கள் பெருகின. 2005-லிருந்து அவற்றையும் சர்வதேசச் சங்கம் விலக்கியது. மிகச் சிறிய தோட்டாவுக்குப் பதில் சற்றே நீளமான, பலமான தோட்டா. பிஸ்டலின் எடை 1,400 கிராமுக்கு மேல் கூடாது. நீளம் 300, உயரம் 150, அகலம் 50 மில்லிமீட்டர் உள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். 2012-ல் லண்டனில் நம் நாட்டு ராணுவ வீரர் விஜய்குமார் வெள்ளிப் பதக்கம் பெற்றது இந்தப் புது விதிகளின்படிதான். அதாவது, துப்பாக்கி செய்கிறவர்கள் எடுத்துப் போன உதையில் ஒரு பங்கை, சங்கத்தார் பிடுங்கிக் கொண்டுவந்து மறுபடியும் மனிதனுடைய கையில் வைத்தார்கள்.

பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அடக்கம் என்பது எல்லாவற்றையும் கடினமாக்கிவிடுகிறது. பெரிய வீட்டில் குடித்தனம் நடத்துகிறவரைவிட ஒண்டுக்குடித்தனக்காரருக்குத்தானே சாமர்த்தியம் அதிகம் வேண்டியிருக்கிறது? பிஸ்டலும் அப்படித்தான். குழலைக் குட்டையாக்கினால் ஸ்லைடும் குட்டையாகிறது, எடை குறைகிறது, எடை குறைந்தால் அதிக வேகத்தில் பின்னால் பாய்கிறது. அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்த ஸ்பிரிங்குக்குக் கிடைப்பதோ முன்பைவிடக் குறைந்த இடம். பலமான ஸ்பிரிங்குக்குச் சுற்றுகள் வேண்டும். சுற்றுகள் அதிகமானால் அமுங்கும்போது ஒன்றின்மேல் ஒன்று நெருங்கிக் கட்டையாகிவிடும். ஸ்லைடு போக வழியே இராது. கோல்ட் கம்பெனி 1985-ல் மூன்றரை அங்குலக் குழலோடு 'ஆஃபீஸர்ஸ்' பிஸ்டலைக் கொண்டுவந்தபோது இதற்கு ஒரு வழி செய்தது. நம் வீட்டு அடுக்குப் பாத்திரம் மாதிரி, ஒரு ஸ்பிரிங்குக்குள் இன்னொரு ஸ்பிரிங். 1995-ல் ஆஸ்திரியாவின் கிளாக் கம்பெனியும் தன் குட்டிப் பிஸ்டலில் இதே வழியைப் பின்பற்றியது.

இப்படிப்பட்ட குட்டிப் பிஸ்டலை எடுத்துக்கொண்டு பந்தயத்துக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1996-ல் தொடங்கிய ஐ.டி.பி.ஏ. என்ற சங்கம் பிற்பாடு சிறிய பிஸ்டல்களுக்கென்றே ஒரு பிரிவு வைத்தது. குழல் நாலேகாலே அரைக்கால் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. தோட்டாவைத் தண்ணீர் மாதிரி பலவீனமாக்கி ஏமாற்றவும் முடியாது. குண்டின் எடையைக் கிரெயினிலும் வேகத்தை அடியிலும் போட்டுப் பெருக்கினால் 1,25,000 வர வேண்டும். 124 கிரெயின் குண்டு விநாடிக்கு 1,010 அடி வேகத்தில் போனால் 1,25,240, தேறிவிடும். பந்தயக்காரர்கள் தாங்களே மருந்து அளந்து நிரப்பி, அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

தோட்டா நிச்சயமாகிவிட்டது, இனிப் பொறுக்க வேண்டியது ஸ்பிரிங்கும், அதற்குள்ளே ஓடுகிற நடுக்கம்பியும். கம்பி பிளாஸ்டிக்கிலும் கிடைக்கும், எஃகிலும் கிடைக்கும், டங்ஸ்டனிலும் கிடைக்கும். டங்ஸ்டன் எஃகைப் போல இரண்டரை மடங்கு கனம். மூக்கருகே அந்தக் கனம் உட்கார்ந்தால் மூக்கு அவ்வளவு சுலபமாகத் தூக்காது. ஆனால் சங்கத்தின் விதிப் புத்தகம் அதைப் பார்த்துவிட்டது. அனுகூலத்துக்காக எடை சேர்க்கக் கூடாது என்று எழுதி, டங்ஸ்டன் கம்பியைப் பெயர் சொல்லியே விலக்கிற்று. மெல்போர்னில் எழுந்த அதே கேள்விக்கு அதே பதில்.

மிஞ்சியது எஃகுக் கம்பியும் ஸ்பிரிங்கும். ஸ்பிரிங்கை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? புடவைக் கடையில் எடுப்பது போலக் கண்ணால் பார்த்து எடுக்க முடியாது. இரண்டு இரண்டு பவுண்டு வித்தியாசத்தில் நாலைந்து ஸ்பிரிங்குகளை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பந்தயத்துக்கு எந்தத் தோட்டாவோ அதையே போட்டு, ஒவ்வொன்றாக மாற்றிச் சுட்டுப் பார்க்கிறார்கள். ஒரு சமயத்தில் ஒரு மாறுதல்தான். இரண்டை மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று தெரியாது. மூன்று சாட்சிகளை விசாரிக்கிறார்கள். முதல் சாட்சி தரையில் விழுகிற காலி உறை: வெகு தூரம் பறந்து விழுந்தால் ஸ்பிரிங் லேசு, காலடியில் சோம்பலாக விழுந்தால் பலம் அதிகம். இரண்டாவது சாட்சி பிஸ்டலின் முன்குறி: சுட்டபின் அது தானாகவே பழைய இடத்துக்கு வந்து நிற்க வேண்டும், அதைத் தாண்டிக் கீழே குனிந்தால் ஸ்பிரிங் பலம், மேலேயே மயங்கி நின்றால் லேசு. மூன்றாவது சாட்சி அட்டை: அடுத்தடுத்து இரண்டு குண்டு சுட்டால், இரண்டாவது எங்கே விழுந்தது என்பதை அது மறைக்காமல் சொல்லிவிடும்.

மூவரும் ஒரே பதிலைச் சொன்னாலும் வழக்கு முடியவில்லை. சில பிஸ்டல்களுக்குள் இன்னொரு ஸ்பிரிங் இருக்கிறது, தோட்டாவைத் தட்டுகிற ஊசிக்கு உரியது. விசையை அழுத்தும்போது அது ஸ்லைடைப் பின்னால் இழுக்கப் பார்க்கும். பெரிய ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி லேசாக்கிவிட்டால், சின்ன ஸ்பிரிங் ஜெயித்து, ஸ்லைடு முழுதும் மூடாமல் விலகி நிற்கும். பிஸ்டல் வெடிக்காது. புழுதியும் கரியும் படிந்த பிஸ்டல், முந்நூறாவது குண்டு, கொஞ்சம் பலம் குறைந்த ஒரு தோட்டா என்ற எல்லாச் சங்கடமும் சேர்ந்து வருகிற தினத்திலும் ஸ்லைடு முழுதும் போய் முழுதும் மூடுகிற ஸ்பிரிங்தான் நல்ல ஸ்பிரிங். ஆகவே அனுபவசாலிகள் மிகவும் சுகமான ஸ்பிரிங்கை எடுப்பதில்லை. அதற்கு ஒரு படி மேலே நிற்கிறார்கள். சில ஆயிரம் குண்டுகளுக்குப் பிறகு அதுவும் தளர்ந்துவிடும், புதியதை மாற்றிவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு விசித்திரம். இவ்வளவு பாடுபட்டுத் தேர்ந்தெடுத்த ஸ்பிரிங்கை வைத்து, மணிக்கட்டைத் தளர்த்தி அலட்சியமாகப் பிடித்துச் சுட்டால், லேசான குட்டிப் பிஸ்டல் சிக்கிக்கொள்ளும். ஏன் தெரியுமா? ஸ்லைடு ஓடுவதற்குச் சட்டம் நிலையாக நிற்க வேண்டும். சட்டத்தை நிலையாக நிறுத்துவது கை. கையும் கூடவே ஓடிவிட்டால் ஸ்பிரிங் எதை நம்பி அமுங்கும்? கடைசியில் பார்த்தால், கை இந்த இயந்திரத்துக்கு வெளியே இருக்கிற பொருள் அல்ல. அதுவும் ஒரு பாகம். கடையில் விற்காத ஒரே பாகம்.

அந்தப் பாகத்தையே இழந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க, கதை எழுதுகிறவனாகிய எனக்கு மனம் வரவில்லை. கரோலி டகாஷ் ஹங்கேரி ராணுவத்தில் சார்ஜண்டு. 1936-லேயே உலகத்தின் சிறந்த பிஸ்டல்காரர்களில் ஒருவர். ஆனால் அந்த வருஷம் ஒலிம்பிக்குக்கு அவரை அனுப்பவில்லை. அதிகாரிகளைத்தான் அனுப்புவார்கள், சார்ஜண்டுகளை அனுப்பமாட்டார்கள். 1938-ல் பயிற்சியின்போது பழுதான எறிகுண்டு ஒன்று கையிலேயே வெடித்தது. சுடுகிற வலது கை சிதைந்து போயிற்று.

ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெளியே வந்து, யாருக்கும் சொல்லாமல் இடது கைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். 1939-ல் தேசியப் பந்தய மைதானத்துக்கு அவர் வந்தபோது, பழைய தோழர்கள் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்று எண்ணி அனுதாபம் சொன்னார்கள். அவர் போட்டியிட வந்திருந்தார், ஜெயித்தார். பிறகு யுத்தம் வந்தது. 1940-ல் ஒலிம்பிக் இல்லை, 1944-லும் இல்லை. 1948-ல் லண்டனில் பந்தயம் நடந்தபோது அவருக்கு வயது 38. உலக சாம்பியனாக வந்திருந்த அர்ஜென்டினா வீரர் ஸாயென்ஸ் வலியெண்டே, 'நீங்கள் எதற்காக வந்திருக்கிறீர்கள்?' என்ற தோரணையில் விசாரித்தாராம். கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்றாராம் டகாஷ். அறுபது குண்டுகளில் 580 புள்ளிகள். தங்கப் பதக்கம், உலக சாதனை. வேண்டிய மட்டும் கற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று இரண்டாவதாக வந்த ஸாயென்ஸ் வலியெண்டே கைகொடுத்தாராம். 1952-ல் ஹெல்சிங்கியில் டகாஷ் மறுபடியும் தங்கம் பெற்றார். இந்தத் தடவை 579, இரண்டாவதாக வந்த அவருடைய நாட்டுப் பையன் ஸிலார்டு குன்னைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம்.

ஒரு ஸ்பிரிங்கை மாற்றுவதற்கு ஒரு நிமிஷம் போதும். சரியானதைப் பொறுக்குவதற்கு ஒரு வாரம் போதும். டகாஷ் தம் இடது கைக்கு, வருகிற உதையை வாங்கிக்கொண்டு இழைந்து போய், போன வழியே திரும்பி வந்து, அடுத்த இலக்கில் நிற்கக் கற்றுக் கொடுத்துத் தங்கம் வாங்கப் பத்து வருஷம் ஆயிற்று. தலைகீழ்ப் பிஸ்டலை விலக்கியவர்களும், டங்ஸ்டன் கம்பியை விலக்கியவர்களும் எதைக் காப்பாற்ற விரும்பினார்கள் என்பது இவரை நினைத்தால் விளங்குகிறது. உதையில் எத்தனையோ பங்கை எஃகு வாங்கிக்கொள்ளட்டும், குற்றமில்லை. கடைசிப் பங்கு கைக்கு வந்து சேர வேண்டும். பந்தயம் என்று நாம் பார்க்கப் போவது அந்தக் கடைசிப் பங்கை ஒரு மனிதன் எப்படித் தாங்குகிறான் என்பதைத்தான்.